பந்தை விட்டு ஆளைப் பாருங்கள்: ஐந்து செட் டென்னிஸ் ஆட்டத்தைப் பார்த்துப் படிக்கும் முறை

டென்னிஸ் ஆட்டம் ஒன்று ஐந்தாவது செட் வரை போனால் மூன்றரை மணி முதல் ஐந்தரை மணி நேரம் வரை ஓடும். அதில் பந்து உண்மையாகப் பறந்துகொண்டிருக்கும் நேரம் சிறு பகுதிதான். மீதி நேரத்தில் ஆட்டக்காரர் துண்டால் முகம் துடைக்கிறார், ராக்கெட் நரம்பை விரலால் நகர்த்துகிறார், பந்தைத் தரையில் தட்டுகிறார், நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறார். பார்ப்பவர்களில் பலர் போனைக் கையில் எடுப்பது அப்போதுதான். வயலுக்கும் கடைக்கும் தேர்வு அறைக்கும் எடுத்துப்போகத் தக்கவை அந்த இடைவெளியில்தான் நடக்கின்றன. அடிக்கும் அடியை நம்மால் எடுத்துக்கொள்ள முடியாது. அது பத்துப் பதினைந்து வருடப் பயிற்சி. ஓர் அடி தப்பிப்போன பிறகு அடுத்த 25 வினாடியை எப்படிச் செலவழிப்பது என்பதை யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

இது காவிரி டெல்டாவில் உட்கார்ந்து டிவியிலோ போனிலோ பார்ப்பவர்களுக்காக எழுதியது. டென்னிஸ் ஆடிய பழக்கம் வேண்டியதில்லை. பூப்பந்து ஆட்டம் தஞ்சாவூரில் பிறந்தது. அதை ஆடிய கைகளுக்கு வலையும் கோடும் சர்வும் புதிதில்லை. பூப்பந்தில் பந்து தரையைத் தொடக் கூடாது, டென்னிஸில் ஒரு முறை தொடலாம். அந்த ஒரு குதியால்தான் ஆட்டம் நீள்கிறது.

எந்தப் போட்டி, எந்த நேரம்

ஆண்கள் ஐந்து செட் ஆடுவது நான்கு கிராண்ட் ஸ்லாம் போட்டிகளில். நான்கும் நம் சாகுபடி நாள்காட்டியோடு மோதும் விதத்தை முன்பே பார்த்து வைத்துக்கொண்டால் தூக்கமும் வேலையும் கெடாது.

ஆஸ்திரேலிய ஓபன் ஜனவரி நடுவில் தொடங்கும். மெல்போர்னில் இரவு 7 மணி ஆட்டம் நமக்குப் பகல் 1.30. சம்பா அறுவடை நடக்கும் நேரம், அறுப்பு மெஷின் வயலில் நிற்கும்போது இதைப் பார்க்க முடியாது. ஞாயிறன்று வரும் இறுதி ஆட்டத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு ஓபன் மே கடைசியில் தொடங்கி ஜூன் முதல் வாரத்தை ஒட்டி முடியும். பாரிஸில் பகல் 3 மணி நமக்கு மாலை 6.30. மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முந்தைய நாட்கள் என்பதால் ஆற்றுப் பாசன வயல்கள் பெரும்பாலும் காய்ந்து கிடக்கும், மாலையில் ஆளும் ஓய்வாக இருப்பார். விம்பிள்டன் ஜூன் கடைசியில் தொடங்கி ஜூலை நடுவில் முடியும். சென்டர் கோர்ட்டில் பகல் 1.30-க்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு மாலை 6 மணி. யு.எஸ். ஓபன் ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. நியூயார்க்கில் இரவு 7 மணி என்றால் நமக்கு மறுநாள் விடியற்காலை 4.30.

முதல் முறை கவனித்துப் பார்ப்பவர்களுக்குப் பிரெஞ்சு ஓபனைத்தான் சொல்வோம். செம்மண் போலத் தெரியும் அந்தத் தரை உண்மையில் சுண்ணாம்புக்கல் பொடியின் மேல் மெல்லியதாகத் தூவிய செங்கல் தூள். பந்து அதில் வேகம் குறைந்து உயரமாக எழும். அதனால் ஒவ்வொரு புள்ளியும் நீளும், ஆட்டக்காரர்கள் களைப்பார்கள். களைப்பு வந்த பிறகுதான் இடைவெளியில் அவர்கள் செய்வது வெளிப்படையாகத் தெரியும். விம்பிள்டன் புல்தரையில் இரண்டு மூன்று அடியில் புள்ளி முடிந்துவிடும், பழகாத கண்ணுக்கு எதுவும் பிடிபடாது.

ஆட்டம் தொடங்குமுன்

எந்தச் சேனலில், எந்தச் செயலியில் வருகிறது என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். அன்று காலையிலேயே பார்த்துவிடுங்கள். போனில் பார்ப்பதானால் ஒரு நாளைக்கு 1.5 ஜிபி திட்டம் ஐந்து செட்டுக்குத் தாங்காது, படத்தின் தரத்தைக் குறைத்து வைக்க வேண்டும். ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்கக் கால் மணிக்கு மேல் ஆகும், அதை முதல் செட்டுக்கு முன்பே போட்டு வைத்துவிடுங்கள். எழுந்து போக உங்களுக்குக் கிடைப்பது இரண்டு செட்டுக்கு நடுவே உள்ள 120 வினாடி மட்டும்.

ஒரு நோட்டும் பேனாவும் கட்டாயம். கூட உட்காரும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள்: ஒரு புள்ளி முடிந்ததிலிருந்து அடுத்த சர்வ் வரை வாய்விட்டு எண்ணுவது. பத்து வயதுக் குழந்தை அரை மணி நேரத்தில் எந்த ஆட்டக்காரர் பதற்றத்தில் அவசரப்படுகிறார் என்று சொல்லிவிடும்.

புள்ளிக் கணக்கு ஏன் முக்கியம்

15, 30, 40, கேம். ஆறு கேம் எடுத்து இரண்டு கேம் முன்னால் இருந்தால் ஒரு செட். 6–6 ஆனால் டை பிரேக்: ஏழு புள்ளி, இரண்டு வித்தியாசம். ஐந்தாவது செட்டில் 6–6 வந்தால் 2022 முதல் நான்கு கிராண்ட் ஸ்லாம்களிலும் பத்துப் புள்ளி டை பிரேக். மூன்று செட் எடுத்தவர் வென்றார்.

இதில் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு செட் முடிந்ததும் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்புகிறது என்பது. 6–1 என்று ஒரு செட்டை அடித்து நொறுக்கினாலும் அது ஒரு செட்தான், 7–6 என்று தட்டுத்தடுமாறி எடுத்தாலும் ஒரு செட்தான். 2019 விம்பிள்டன் இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜோகோவிச் ஃபெடரரை 7–6, 1–6, 7–6, 4–6, 13–12 என்று வென்றார். கேம்களைக் கூட்டிப் பாருங்கள்: ஃபெடரருக்கு 36, ஜோகோவிச்சுக்கு 32. புள்ளிகளிலும் ஃபெடரருக்கு 218, ஜோகோவிச்சுக்கு 204. ஐந்தாவது செட்டில் 8–7, 40–15 என்று ஃபெடரர் சர்வ் செய்தபோது ஒரு புள்ளி எடுத்தால் கோப்பை, இரண்டு வாய்ப்பு கையில். இரண்டும் போயின. ஜோகோவிச் எடுத்த மூன்று செட்டும் டை பிரேக்கில் எடுத்தவை.

2025 பிரெஞ்சு ஓபன் இறுதி ஆட்டம் ஜூன் 8 அன்று நடந்தது. அல்கராஸ் சின்னரை 4–6, 6–7, 6–4, 7–6, 7–6 என்று 5 மணி 29 நிமிடத்தில் வென்றார். மொத்தப் புள்ளியில் தோற்ற சின்னருக்கு 193, வென்ற அல்கராஸுக்கு 192.

ஃபெடரர் 2024-இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் தன் வாழ்நாள் கணக்கைச் சொன்னார். ஆடிய ஒற்றையர் ஆட்டங்கள் 1526. ஏறக்குறைய 80 சதவீதம் வெற்றி. எடுத்த புள்ளிகள் 54 சதவீதம். நூறில் 46 புள்ளியை விட்டுக்கொடுத்தவர்தான் ஐந்து ஆட்டத்தில் நான்கை வென்றிருக்கிறார். ஆகவே நோட்டில் எல்லாப் புள்ளியையும் குறிக்க வேண்டாம். குறித்தால் இரண்டாவது செட்டிலேயே கை சோர்ந்துவிடும், முக்கியமானது நூற்றுக்கணக்கில் புதைந்துபோகும்.

நோட்டில் எதை எழுதுவது

30–30, டியூஸ் (40–40 சமநிலை), பிரேக் பாயின்ட் (30–40 போல, அந்தப் புள்ளி போனால் சர்வ் செய்பவர் கேமையே இழக்கும் நிலை), டை பிரேக்கின் எல்லாப் புள்ளிகளும். இவை மட்டும். பக்கத்தில் மேலிருந்து கீழாக ஐந்து பத்தி போடுங்கள். முதல் பத்தியில் ஸ்கோர். இரண்டாவதில் சர்வ் யாருடையது. மூன்றாவதில் முதல் சர்வா, இரண்டாவது சர்வா. நான்காவதில் புள்ளி எப்படி முடிந்தது என்பதற்கு ஓர் எழுத்து: அடித்து வென்றால் ‘அ’, எதிராளி நெருக்கியதால் வந்த பிழை என்றால் ‘நெ’, நெருக்கடியே இல்லாமல் தானாகச் செய்த பிழை என்றால் ‘பி’. ஐந்தாவது பத்தி அகலமாக இருக்கட்டும். அந்தப் புள்ளிக்கு முந்தைய இடைவெளியில் ஆட்டக்காரர் என்ன செய்தார் என்று மூன்று நான்கு சொல்லில் எழுதுங்கள்: ‘துண்டு கேட்டார்’, ‘பெட்டியைப் பார்த்துக் கத்தினார்’, ‘நேராக வந்து சர்வ்’, ‘நரம்பைப் பார்த்தார், நிதானம்’. பெட்டி என்றால் பயிற்சியாளரும் குடும்பமும் உட்காரும் இடம்.

மூன்றாவது செட் முடிந்ததும் ஐந்தாவது பத்தியையும் நான்காவது பத்தியையும் சேர்த்துப் படியுங்கள். ‘கத்தினார்’, ‘நேராக வந்து சர்வ்’ என்ற வரிகளுக்குப் பக்கத்தில் எத்தனை ‘பி’ இருக்கிறது? எல்லா ஆட்டத்திலும் ஒரே மாதிரி வராது. கத்திவிட்டு நன்றாக ஆடுகிறவர்களும் உண்டு. அதனால்தான் முன்முடிவோடு பார்க்காமல் எழுதிப் பார்க்கச் சொல்கிறோம்.

25 வினாடியின் உள்ளே

புள்ளி முடிந்து அடுத்த சர்வுக்கு விதிப்படி 25 வினாடி. கோர்ட்டின் மூலையில் கடிகாரம் கீழிறங்குவது தெரியும். முதல் முறை தாண்டினால் எச்சரிக்கை, பிறகு சர்வ் செய்பவருக்கு ஒரு சர்வ் போகும். பக்கம் மாறும்போது 90 வினாடி ஓய்வு, ஆனால் செட்டின் முதல் கேமுக்குப் பிறகு உட்காராமல் மாற வேண்டும்.

அமெரிக்க விளையாட்டு உளவியலாளர் ஜிம் லோயர், தேர்ந்த ஆட்டக்காரர்கள் புள்ளிகளுக்கு நடுவே செய்வதை வீடியோவில் திரும்பத் திரும்பப் பார்த்து அதை நான்கு கட்டமாகப் பிரித்தார். தமிழில் விடு, ஆறு (மனம் ஆறுவது), முடிவெடு, தொடங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

விடு: முதல் மூன்று முதல் ஐந்து வினாடி. புள்ளி போனதும் வலைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நடக்கிறார். தோள் தொங்காது. ராக்கெட் மற்ற கைக்குப் போயிருக்கும், அடிக்கும் கை தளர்ந்திருக்கும். ஆறு: 6 முதல் 15 வினாடி. துண்டு, நீண்ட மூச்சு, கண் ராக்கெட் நரம்பின் மேல். கண்ணை நரம்பில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. கூட்டத்தையோ ஸ்கோர் பலகையையோ பார்த்தால் மனம் அங்கே போய்விடும். முடிவெடு: மூன்று முதல் ஐந்து வினாடி. சர்வ் எந்தப் பக்கம், பந்து திரும்பி வந்தால் முதல் அடி எங்கே. அவ்வளவுதான், அதற்கு மேல் திட்டம் கிடையாது. தொடங்கு: ஐந்து முதல் எட்டு வினாடி. பந்தைத் தட்டுவது. ஒவ்வொருவரும் தனக்கென்று வைத்திருக்கும் சடங்கு.

வரிசைதான் உயிர். ஆறுவதற்கு முன் முடிவெடுப்பவர் கோபத்தில் முடிவெடுக்கிறார். முடிவெடுக்காமல் பந்தைத் தட்டத் தொடங்குபவர் சர்வ் போடும்போது தயங்குகிறார், தயங்கிய சர்வ் வலையில் விழுகிறது. நெருக்கடி முற்றும்போது பெரும்பாலும் காணாமல் போவது இரண்டாவது கட்டம். பிள்ளைகள் எண்ணுவது 20-லிருந்து 12-க்கு இறங்கினால் அதுதான் நடந்திருக்கிறது.

2008 விம்பிள்டன் இறுதி ஆட்டத்தின் முழு ஒளிப்பதிவு கிடைத்தால் நான்காவது செட் டை பிரேக்கை மட்டும் இரண்டு முறை பாருங்கள். நடால் இரண்டு செட்டுக்கு ஒன்று என்று முன்னால். டை பிரேக்கில் 5–2. இன்னும் இரண்டு புள்ளி, சர்வும் அவர் கையில். டபுள் ஃபால்ட் செய்தார், அதாவது இரண்டு சர்வும் தப்பின. பிறகு எடுத்தால் கோப்பை என்ற சாம்பியன்ஷிப் பாயின்ட் இரண்டும் கைநழுவி, 10–8 என்று அந்த டை பிரேக்கை ஃபெடரர் எடுத்தார். ஐந்தாவது செட்டில் 2–2, டியூஸ் என்ற இடத்தில் மழை நிறுத்தியது. திரும்பி வந்த பிறகு ஃபெடரர் முதலில் சர்வ் செய்யும் செட் என்பதால் 4–5, 5–6, 6–7 என்று மூன்று முறை, சர்வ் போனால் ஆட்டமே போகும் என்ற நிலையில் நடால் சர்வ் செய்தார். மூன்றையும் காப்பாற்றி, 9–7 என்று இருட்டும் நேரத்தில் வென்றார். 5–2 டபுள் ஃபால்ட்டுக்குப் பின்னான நடையையும் 6–7 சர்வுக்கு முன்னான நடையையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வேலைதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

நம் ஊர்ப் பக்கத்து உதாரணம் வேண்டுமானால் ராமநாதன் கிருஷ்ணன். 1966 டிசம்பர், கல்கத்தா புல்தரை, நாடுகள் அணியாக மோதும் டேவிஸ் கோப்பையில் பிரேசிலுக்கு எதிராக ஐந்து ஆட்டங்களில் நான்கு முடிந்து 2–2. கடைசி ஒற்றையரில் தாமஸ் காக்கிடம் இரண்டு செட்டுக்கு ஒன்று பின்னால், நான்காவது செட்டில் 2–5. அங்கிருந்து அந்தச் செட்டை 7–5 என்று எடுத்து ஐந்தாவதையும் வென்றார். இந்தியா முதல் முறை டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போனது அப்படித்தான்.

இரண்டாவது சர்வ்

சர்வுக்கு இரண்டு வாய்ப்பு. முதல் சர்வ் வேகம், துணிச்சல், கோட்டை ஒட்டி. அது விழவில்லை என்றால் இரண்டாவது, சுழல் கூட்டி, வலைக்கு மேலே உயரமாக, கோட்டுக்கு நன்றாக உள்ளே. இரண்டாவது சர்வ் என்பது முதல் சர்வை மெதுவாகப் போடுவது என்று நினைப்பவர்கள்தான் டபுள் ஃபால்ட் செய்கிறார்கள். அது வேறு கைவீச்சு, தனியாகப் பழக வேண்டியது. கையை நிறுத்தி நிறுத்தி வீசினால் சுழல் வராது, சுழல் இல்லாத பந்து நீளமாகப் போகும். நல்ல ஆட்டக்காரர் இரண்டாவது சர்விலும் கையை முழு வேகத்தில்தான் வீசுகிறார், அந்த வேகம் சுழலுக்குப் போகிறது.

டெல்டாவில் இதற்கு மிக நெருக்கமானது ரகத் தேர்வு. தண்ணீர் நேரத்துக்கு வந்தால் குறுவைக்கு ஆடுதுறை 43 போன்ற 110 நாள் ரகம், பிறகு தாளடி. தண்ணீர் தள்ளிப்போனால் குறுவையை விட்டு, சி.ஆர். 1009 போல 150 நாளுக்கு மேற்பட்ட ரகத்தில் ஒற்றைச் சம்பா. இன்னும் தள்ளினால் 130–135 நாள் மத்திய கால ரகம். இந்த இரண்டாவது, மூன்றாவது சர்வை ஆடி மாதத்தில் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே யோசித்தால் விதை கிடைக்காது. வைகாசியிலேயே எந்தத் தேதி தாண்டினால் எந்த ரகம் என்று எழுதி, விதைக்கு யாரிடம் சொல்லி வைப்பது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். தேதி தாண்டிய பிறகும் முதல் ரகத்தையே பிடித்துக்கொண்டிருப்பது, முதல் சர்வ் தப்பிய கோபத்தில் இரண்டாவதையும் அதே வேகத்தில் அடிப்பதுதான்.

தவறாகப் படிக்கும் வழிகள்

அதிகம் நடப்பது ஹைலைட்ஸ் பார்ப்பது. ஐந்து மணி நேரத்தைப் பத்து நிமிடமாகச் சுருக்கும்போது முதலில் வெட்டுவது இடைவெளிகளைத்தான். நாம் தேடுவதை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைக் காட்டுகிறார்கள். நேரம் இல்லை என்றால் ஒரு செட்டை மட்டும் முழுதாகப் பாருங்கள்.

அடுத்தது, வென்றவரிடமிருந்து மட்டும் பாடம் எடுப்பது. ‘விடாமுயற்சியால் வென்றார்’ என்று எழுதினால் நோட்டில் ஒன்றும் மிஞ்சாது. 2025 பாரிஸில் சின்னரும் அதே 5 மணி 29 நிமிடம் நின்றார், ஒரு புள்ளி கூடவே எடுத்தார். விடாமுயற்சி இருவரிடமும் இருந்ததால் அது ஆட்டத்தைப் பிரிக்கவில்லை. நான்காவது செட்டில் சின்னர் 5–3 முன்னால், அல்கராஸ் சர்வில் 0–40. மூன்று சாம்பியன்ஷிப் பாயின்ட். அந்த மூன்று புள்ளிகளிலும் அடுத்த கேமிலும் இருவரும் இடைவெளியில் என்ன செய்தார்கள், யார் எந்தப் பக்கம் அடித்தார்கள் என்று பாருங்கள். ஒரே ஸ்கோரில் இருவரையும் ஒப்பிட்டால்தான் பாடம் சோதனைக்கு நிற்கும்.

வர்ணனையாளர் ‘ஆட்டத்தின் போக்கு மாறிவிட்டது’ என்று சொன்னதை அப்படியே எழுதிக்கொள்வதும் பிழைதான். ஒரு செட்டுக்கு ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள், கண் தானாக ஆட்டக்காரரின் முகத்துக்கும் காலுக்கும் போகும். டீக்கடையில் கூட்டத்தோடு பார்ப்பது நல்ல அனுபவம். ஆனால் நோட்டு வேலைக்கு ஆகாது.

வெளிச் சடங்கைக் காப்பியடிப்பதும் வேண்டாம். நடால் இரண்டு தண்ணீர் பாட்டில்களை வரிசையாக வைத்துவந்ததும் ஜோகோவிச் பந்தைப் பல முறை தட்டுவதும் அவரவருக்கு அமைந்தவை. நமக்கு வேண்டியது ‘தொடங்கு’ என்ற கட்டத்துக்கு நம்முடைய சொந்தச் செயல் ஒன்று. கைகழுவுவதாக இருக்கலாம், மூக்குக் கண்ணாடியைத் துடைப்பதாக இருக்கலாம். சிறியதாகவும் எங்கும் செய்யக்கூடியதாகவும் இருந்தால் போதும்.

உங்கள் 30–40 எது

மறுநாள், தூங்கி எழுந்த பிறகு, நோட்டின் புதுப் பக்கத்தில் உங்கள் தொழிலில் வரும் பிரேக் பாயின்ட்டுகளை எழுதுங்கள். ஆண்டுக்கு ஐந்தாறுக்கு மேல் இருக்காது. ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டத்தை நிரப்புங்கள்.

நேரடி நெல் கொள்முதல் நிலையம். ஈரப்பதம் 17 சதவீதம் என்பது வழக்கமான வரம்பு. 19 காட்டினால் ‘திருப்பி எடுத்துப் போங்கள்’ என்கிறார்கள், வானம் கருக்கிறது, வரிசையில் பின்னால் இருபது பேர். இங்கே வாய்ச் சண்டை முதலில் வருகிறது. விடு: தராசை விட்டு விலகி நில்லுங்கள். ஆறு: தண்ணீர் குடியுங்கள், இரண்டு நிமிடம் போனாலும் வரிசை எங்கும் ஓடாது. முடிவெடு: இரண்டே கேள்வி. இன்று வெயில் மிச்சம் இருக்கிறதா, நெல்லைப் பரப்பக் களத்தில் இடம் இருக்கிறதா. தொடங்கு: தார்ப்பாயை விரிப்பது. பரப்பும்போது மெல்லிய அடுக்காகப் பரப்பி அடிக்கடி கிளறிவிட வேண்டும். தடியாகக் குவித்தால் மேல்நெல் காய்ந்து அடிநெல் ஈரமாகவே நிற்கும், மாதிரி எடுக்கும் கை அடியிலிருந்து எடுத்தால் மறுபடி அதே 19. பல்லில் கடித்துப் பார்த்து முடிவு செய்வது இந்த இரண்டு சதவீதத்தைக் காட்டாது. ஊரில் நான்கு பேர் சேர்ந்து ஓர் ஈரப்பதமானி வாங்கி வைத்தால் மூட்டை ஏற்றுமுன்பே தெரிந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மூழ்கிய இளம் சம்பா. விடிந்ததும் வரப்பில் நின்று பார்க்கும்போது உடனே ஏதாவது போட வேண்டும் என்று கை துடிக்கும். தேங்கிய தண்ணீரில் யூரியா போட்டால் அது வடிகாலோடு போய்விடும். முதலில் வடிகாலைத் திறப்பது, தண்ணீர் வடிந்து பயிரின் நிலை தெரிந்த பிறகு வேளாண்மைத் துறை அன்றைக்குச் சொல்லும் அளவில் மேலுரம். நடுவில் காத்திருக்கும் அந்த நாட்கள்தான் இந்த ஆட்டத்தின் 90 வினாடி. அந்த நாட்களில் அழுகிய இடம் எது, ஊடு நடவுக்கு நாற்று எவரிடம் இருக்கிறது என்ற இரண்டையும் பார்த்து வையுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கேள்வித்தாள் படிக்கவே 10 நிமிடம் தருகிறார்கள். தெரியாத கேள்வி கண்ணில் பட்டதும் அந்த 10 நிமிடமும் அதையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் பல பிள்ளைகளுக்கு நடக்கும் டபுள் ஃபால்ட். தெரியாததற்கு ஒரு புள்ளி வைத்து விட்டுவிட்டு, எந்தப் பகுதியை முதலில் எழுதுவது என்பதை மட்டும் முடிவு செய்யப் பழக்குங்கள். வீட்டில் மாதிரித் தேர்வு எழுதும்போது ஒவ்வொரு ஐந்து மதிப்பெண் விடைக்கும் பிறகு பேனாவை வைத்து, இரண்டு மூச்சு விட்டு, அடுத்ததைத் தொடங்கச் சொல்லுங்கள். மூன்று மணி நேரத்தில் இதற்குப் போவது சில நிமிடம்தான்.

திருபுவனத்துப் பட்டுத் தறியில் இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்துகிறார், நுனியைத் தேடுகிறார், முடிச்சுப் போடுகிறார், பிறகுதான் நாடா ஓடுகிறது. அவருக்கு இந்தப் பாடம் தேவையில்லை, கையிலேயே இருக்கிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் டென்னிஸ் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கவனிக்காததை அவர் கவனிப்பார்.

பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் மாற்றப் பார்க்காதீர்கள். ஒன்றை எடுங்கள். பூப்பந்தோ இறகுப்பந்தோ ஆடுகிறவர்கள் அதை மாலை ஆட்டத்திலேயே பழகலாம்: ஒவ்வொரு புள்ளிக்குப் பிறகும் திரும்பி நாலடி நடப்பது, நரம்பைப் பார்ப்பது, பிறகு வருவது. கூட ஆடுபவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் நேரம் கடத்துவதாக நினைப்பார்கள்.

தோற்றவரின் அடுத்த ஆட்டம்

பார்த்து முடித்ததும் நோட்டை மூடிவிடாமல் கடைசிப் பக்கத்தில் தோற்றவரின் பெயரையும் அவர் அடுத்து ஆடும் போட்டியின் தேதியையும் எழுதுங்கள். பாரிஸில் மூன்று சாம்பியன்ஷிப் பாயின்ட்டை இழந்த சின்னர், ஐந்து வாரம் கழித்து 2025 ஜூலை 13 அன்று விம்பிள்டன் இறுதியில் அதே அல்கராஸை எதிர்கொண்டார். முதல் செட்டை 4–6 என்று இழந்தார். அடுத்த மூன்றையும் 6–4, 6–4, 6–4 என்று எடுத்தார். இரண்டு ஆட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நான்காவது செட்டில் சின்னர் ஆட்டத்தை முடிக்க வந்த இடங்களை மட்டும் ஒப்பிடுங்கள். முதலாவது 5–3, இரண்டாவது 5–4. ஐந்தாவது பத்தியை மறுபடி நிரப்புங்கள்.

வீட்டில் யாராவது தேர்விலோ வியாபாரத்திலோ விளைச்சலிலோ தோற்று வந்தால் முதல் நாள் ‘ஏன் அப்படிச் செய்தாய்’ என்று கேட்காதீர்கள். அது ‘விடு’ கட்டம். சாப்பாடு போட்டு, தூங்கவிடுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து, வீட்டுத் திண்ணையிலோ ஆற்றங்கரைப் படித்துறையிலோ உட்கார்ந்து, ஸ்கோர் எங்கே இருந்தது, அடுத்த ஆட்டம் எந்தத் தேதி என்ற இரண்டை மட்டும் கேளுங்கள்.